349 ரூபாய் சைனீஸ் பஃபேக்குக் குடும்பத்தோடு போகலாமா?

ஈரோட்டு நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் ஊரில் புதிதாகத் திறந்த சைனீஸ் பஃபேயில் மதியச் சாப்பாடு தலைக்கு 349 ரூபாய், 32 ஐட்டம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு பிபி உண்டு, அம்மா சைவம், இரண்டு குழந்தைகள். இந்த விலைக்கு நல்ல சாப்பாடு போட முடியுமா, அஜினமோட்டோவுக்குப் பயப்பட வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்கிறார்.

கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் ஓட்டல் கிச்சன்களில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் ஐந்து வருடம் சைனீஸ் செக்‌ஷன். இப்போது பெருந்துறைப் பக்கம் சொந்தமாக கேட்டரிங் செய்கிறேன். பஃபே மேசைக்குப் பின்னால் நின்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போகலாம், தாராளமாகப் போகலாம். 32 என்ற எண்ணை மட்டும் மறந்துவிடுங்கள். பஃபேயில் பார்க்க வேண்டியது, வைத்த டிரே எவ்வளவு சீக்கிரம் காலியாகி அடுத்தது வருகிறது என்பதைத்தான். கூட்டம் இருக்கிற கடையில் பதினைந்து ஐட்டம் இருந்தாலே வயிறும் மனசும் நிறையும். கூட்டம் இல்லாத கடையில் 32 வைத்தால் அதில் பாதி, கடை திறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சரி, முதலில் அந்த விலை. எப்படிக் கட்டுப்படியாகும் என்ற சந்தேகம் நியாயமானது. சைனீஸ் சாப்பாட்டில் தட்டை நிரப்புவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அரிசி, நூடுல்ஸ், முட்டைக்கோஸ், கேரட், மைதா, சோள மாவு. கோஸும் கேரட்டும் நீலகிரி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது, கறிக்கோழிக்குப் பல்லடம் இருக்கிறது. எல்லாம் சில மணி நேர வண்டி ஓட்டத்தில் கிச்சன் வாசலுக்கு வந்துவிடும். மலிவு விலை சைனீஸ் பஃபே நடத்தக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

இதில் காசு தின்பது கோழி ஒன்றுதான். கறிக்கோழிக்குப் பல்லடத்தில் பண்ணை விலை அறிவிப்பார்கள், அது அடிக்கடி ஏறும், இறங்கும். விலை ஏறும்போது போர்டில் இருக்கிற 349 மாறாது, சில்லி சிக்கன் மாறும். துண்டு சிறிதாகும், மேல்மாவு தடிக்கும், குடைமிளகாயும் வெங்காயமும் கூடும். புரட்டாசியில் பலர் கறியை நிறுத்துவதால் கோழி விலை இறங்கும், துண்டும் பெரிதாகும். ஆனால் அந்த மாதம் கூட்டம் குறைவு, டிரே மெதுவாகத்தான் மாறும். அதனால் நானாக இருந்தால் புரட்டாசியில் அசைவ பஃபேக்குப் போக மாட்டேன்.

அப்புறம், நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் சாப்பிடுவதில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்கு வரும் என்று கணக்குப் போடுவோம். பஃபேயில் அதே ஒரு கிலோவை ஃப்ரைட் ரைஸாக வைத்தால் பதினைந்து பேரைத் தாண்டும். சூப்பிலும் நூடுல்ஸிலுமே வயிறு பாதி அடைந்துவிடும். வரிசையைக் கவனித்தால் தெரியும்: சூப், சாலட், நூடுல்ஸ், ரைஸ் எல்லாம் முன்னால் இருக்கும், சிக்கன் கடைசியில் இருக்கும். தெரிந்தேதான் அப்படி வைக்கிறோம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தொழிலின் கணக்கு. நாலு தட்டு சாப்பிடுகிற இளவட்டத்தின் செலவை ஒரு கிண்ணம் சூப்போடு எழுந்துவிடுகிற பாட்டி ஈடுகட்டுகிறார்.

இனி, உள்ளே போனதும் என்ன செய்வது.

தட்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு சேஃபிங் டிஷ் என்று பெயர். கீழே வெந்நீர், அதற்கும் கீழே ஜெல் டின்னில் சின்னத் தீ. அது இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர ஆறினதைச் சூடாக்காது. சூடாகப் பரிமாறுகிற உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான கணக்கு. தெர்மாமீட்டர் எடுத்துப் போக வேண்டியதில்லை. கரண்டியின் பிடியைத் தொட்டால் கை லேசாகச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ரைட் ரைஸ் டிரேயின் நடுவைப் பார்க்காதீர்கள், நடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஓரத்தைப் பாருங்கள். ஓரத்துப் பருக்கைகள் காய்ந்து கண்ணாடி மாதிரி நின்றால் அந்த டிரே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நூடுல்ஸைக் கரண்டியால் தூக்கினால் இழை இழையாகப் பிரிய வேண்டும். டிரேயின் மூலை வடிவத்திலேயே கட்டியாக எழுந்து வந்தால் விட்டுவிடுங்கள். கிரேவி மேல் மெல்லிய ஆடை கட்டியிருந்தால், மாவு கரைத்து ஊற்றிய குழம்பு அசையாமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

கோபி மஞ்சூரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கோயமுத்தூரில் சாயங்காலத் தள்ளுவண்டிக் காளான் சாப்பிட்டிருப்பீர்கள். பெயர்தான் காளான், பெரும்பாலும் கோஸை மாவில் பிசைந்து பொரித்ததுதான். அதைத் தோசைக்கல்லில் போட்டுக் கொத்தி, மசாலாக் குழம்பு ஊற்றி ஊற வைத்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுப்பார்கள். காளானின் ருசியே அது ஊறுவதில்தான் இருக்கிறது. மஞ்சூரியனுக்கு நேர் எதிர். கடித்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே காலிஃபிளவரின் மென்மையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கிரேவியில் போட்டு அரை மணி நேரம் டிரேயில் வைத்தால் மேல்மாவு சாற்றைக் குடித்து உப்பி, மஞ்சூரியன் காளானாகிவிடும். அதனால் பஃபேயில் எப்போதும் டிரை மஞ்சூரியன் பக்கம் போங்கள். கிரேவிதான் வேண்டும் என்றால் புது டிரே வருகிற நேரம் பார்த்து எடுங்கள்.

மஞ்சூரியன் சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து வந்ததாக நினைப்பவர்கள் உண்டு. சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது மும்பையில். 1975இல் அங்குள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் நெல்சன் வாங் என்ற கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளி சமையல்காரர், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிச் செய்ததுதான் அது. அதற்கும் முன்னால் கல்கத்தாவில் டாங்ரா என்ற பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்கா சீனர்களின் சமையல்தான் நம் ஊர் சைனீஸுக்கு வேர். ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று மெனுவில் படிக்கிறோமே, அது அந்த மக்களின் பெயர். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே மலிவு சைனீஸ் பஃபேக்களில் தவறாமல் இருக்கிற ஜெனரல் ட்ஸோ சிக்கன், சீனாவின் ஹுனானில் பிறந்து தைவானுக்குக் குடிபெயர்ந்த பெங் சாங் குவேய் என்ற சமையல்காரர் உண்டாக்கியது. அமெரிக்க நாக்குக்காக அது பின்னால் இனிப்பாக மாறியது. புலம்பெயர்ந்தவர்கள் போன இடத்து நாக்குக்குத் தக்கபடி சமைத்துப் பிழைத்த சாப்பாடு இது. அதனால் ‘இது அசல் சைனீஸா’ என்று கேட்டு யாரும் இதை மட்டம் தட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

லைவ் கவுன்ட்டர், அதாவது கேட்டதைக் கண்முன்னே சமைத்துத் தருகிற இடம், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் 349 ரூபாயில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது. நம் பகுதியில் சைனீஸ் மாஸ்டர்கள் பலர் டார்ஜிலிங், நேபாளம், அசாம் பக்கத்துக்காரர்கள். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவரும் டார்ஜிலிங்காரர்தான். ஹை பிரஷர் அடுப்பு இரைகிற இரைச்சலில் பேச்சே கேட்காது. அவர் கடாயில் எண்ணெய் புகையும் வரை காத்திருப்பார். பூண்டு விழும், மூன்று எண்ணுவதற்குள் கோஸும் கேரட்டும் விழும், உடனே நூடுல்ஸ். சோயா சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்ற மாட்டார், கடாயின் சுட்ட ஓரத்தில் வட்டமாக விடுவார். அது சுர்ரென்று பொங்கிக் கருகும் வாசனை முழுக்க நூடுல்ஸில் ஏறும். மொத்தம் இரண்டு நிமிடம். அந்த வாசனை டிரேக்குப் போனால் பத்து நிமிடம்கூட நிற்காது. கவுன்ட்டரில் வரிசையாக இருந்தாலும் நின்று வாங்குங்கள். ‘உப்பு கம்மி, சோயா கம்மி’ என்று கேட்கக் கூடிய ஒரே இடமும் அதுதான்.

இது உங்கள் அப்பாவுக்கு முக்கியம். எல்லோரும் அஜினமோட்டோவைத்தான் கேட்கிறார்கள். அது 1908இல் ஜப்பானில் கிகுனே இகேதா என்ற வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவையிலிருந்து வந்தது. தக்காளியில் இயற்கையாகவே இருக்கிற குளுட்டமேட்தான் அது. 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து, சைனீஸ் சாப்பாடு சாப்பிட்டால் படபடப்பும் மரமரப்பும் வரும் என்ற பேச்சு கிளம்பியது. வழக்கமாகச் சமையலில் போடும் அளவில் பொதுவாக அது பாதுகாப்பானது என்பதே அமெரிக்க உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிலை. பிபி உள்ளவர் பார்க்க வேண்டியது சோடியத்தை. அஜினமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, பயப்பட வேண்டியது அந்தக் கறுப்பு பாட்டிலைப் பார்த்துத்தான். சூப்பில் உப்பு, கிரேவியில் உப்பு, அதற்கு மேல் மேசையில் வைத்திருக்கிற சாஸ். அப்பாவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் சூப் போதும், அதில் சாஸ் ஊற்ற வேண்டாம். கிரேவி ஐட்டங்களை விட்டுவிட்டு, லைவ் கவுன்ட்டரில் சோயா கம்மியாகக் காய்கறி வதக்கித் தரச் சொல்லுங்கள். மற்றபடி அவர் மருத்துவர் சொன்னதே கணக்கு.

அம்மாவுக்கு இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். ‘வெஜ் சூப்புக்குக் கோழி ஸ்டாக் ஊற்றுறீங்களா? கோபி பொரிக்கிற எண்ணெய் தனியா?’ ஸ்டாக் என்றால் எலும்பு வேக வைத்த சாறு. மேலாளரிடம் கேட்டால் ‘எல்லாம் தனிங்க’ என்று பழக்கத்தில் வந்துவிடும். டிரே எடுத்து வருகிற பையனிடம் மெதுவாகக் கேளுங்கள், உள்ளதைச் சொல்வான். எண்ணெய் ஒன்றுதான் என்றால் அம்மாவைப் பொரித்தது பக்கம் விடாமல், வெஜ் நூடுல்ஸ், ரைஸ், பழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்து அவர் மனசு கஷ்டப்படுவதை நீங்கள் பார்க்க வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். ரோடமைன்-பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனிலும் அந்த மாதிரிச் சாயத்தைத் தடை செய்தது. அது துணிக்குப் போடுகிற சாயம். சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த திருப்பூர், ஈரோட்டு ஆட்களுக்கு அது எங்கே இருக்க வேண்டிய பொருள் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மிளகாய்ச் சிவப்பு பொரித்தால் கொஞ்சம் மங்கிப் பழுப்பாகும். பொரித்த பிறகும் பளபளவென்று ரத்தச் சிவப்பாக நின்று, விரலிலும் டிஷ்யூவிலும் ஒட்டினால் குழந்தைகள் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஃப்ரைட் ரைஸுக்குத்தான். சில வருடங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு கடையில் மூன்று மணிக்குப் போய் பஃபே சாப்பிட்டேன். டிரேயில் கடைசியாக இருந்த ஃப்ரைட் ரைஸ், சூடு குறைவு, பசி வேகத்தில் கவனிக்கவில்லை. அவினாசி தாண்டுவதற்குள் வண்டியை இரண்டு முறை ஓரம் கட்டினேன். வாந்தி நிற்கவே இல்லை. அன்றைக்கு அந்த ரைஸ்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு சந்தேகமே இல்லை. ஃப்ரைட் ரைஸுக்குச் சோற்றை முன்பே வடித்து ஆற வைத்தாக வேண்டும், சுடுசோறு கடாயில் குழைந்துவிடும். ஆற வைத்ததை உடனே ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் பிரச்சினை இல்லை. மேசை மேல் ராத்திரி முழுக்கப் பரப்பி வைத்தால், அரிசியில் இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். அதன் வித்துகள் சோறு கொதிப்பதில் சாவதில்லை. உண்டான நஞ்சோ, மறுபடி எத்தனை தீயில் வதக்கினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சோற்றுத் தட்டில் புறங்கை வைத்துப் பார்ப்பார். ஃபிரிட்ஜ் குளிர்ச்சி இல்லை என்றால் முதலாளியே நின்றாலும் கொட்டிவிடுவார்.

வெளியிலிருந்து உங்களால் சோற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால்தான் நேரம் முக்கியம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் 12.30 மணியிலிருந்து 1.30 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். கூட்டம் ஏறுகிற நேரம், டிரே தொடர்ந்து மாறும். இரண்டரை மணிக்கு மேல் எந்த முதலாளியும் புது டிரே போட யோசிப்பார், மிஞ்சினால் நஷ்டம். மூன்று மணிக்குப் போனால் அதே 349 ரூபாய் கொடுத்து, மற்றவர்கள் விட்டதைத்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம், யாரும் கேட்காதது. என் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, ஒரு முறை பஃபேக்குக் கூட்டிப் போனேன். ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் இலை போட்டு உட்கார வைத்து, ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்று வற்புறுத்திப் பரிமாறுகிற வீட்டில் வாழ்ந்த மனுஷன். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றபோதே அவர் முகம் மாறிவிட்டது. ஒரு கரண்டி நூடுல்ஸ், இரண்டு துண்டு கோபி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கையை மடித்துக்கொண்டார். ‘இன்னும் எடுத்துக்கலாங்க அப்புச்சி’ என்றால் ‘போதுஞ் சாமி’ என்கிறார். இரண்டாவது தடவை தானாக எழுந்து போய் எடுப்பது, கேட்டு வாங்கித் தின்பது மாதிரி அவருக்கு. எனக்கு அது புரிய இவ்வளவு வயசாகியது. எழுந்து போய் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைத்தேன். ‘இது என்ன கண்ணு, புளிப்பா இனிப்பா இருக்குது?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி சாப்பிட்டார். அப்பா அம்மாவை வரிசையில் நிறுத்தாதீர்கள். நீங்கள் பரிமாறுங்கள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஃபிரெஞ்ச் ஃப்ரைஸும் ஐஸ்கிரீமும்தான் அவர்களுக்கு பஃபே. விட்டுவிடுங்கள்.

பில் கணக்கு: பெரியவர்கள் நாலு பேருக்கு 1,396 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 1,466. குழந்தைக்கு எந்த வயது வரை பாதி விலை என்பது கடைக்குக் கடை மாறும். தண்ணீர் பாட்டில், கூல் டிரிங்ஸ் பெரும்பாலும் தனி. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை என்று 2022இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. டிரே நன்றாகப் பார்த்துக்கொண்ட பையனுக்கு ஐம்பது ரூபாய் கையில் கொடுங்கள்.

சனிக்கிழமையே போன் செய்து ஞாயிறு லைவ் கவுன்ட்டர் உண்டா, குழந்தைகளுக்கு என்ன விலை என்று கேட்டு, 12.30க்கு மேசை சொல்லிவிடுங்கள். ஏசிக்கு நேர் கீழே வேண்டாம், கொண்டு வந்து வைத்ததெல்லாம் நொடியில் ஆறிவிடும். கிச்சன் கதவு கண்ணுக்குத் தெரிகிற மேசையாகக் கேளுங்கள். கதவு திறந்து பையன் புது டிரேயைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வரும்போது எழுந்து போங்கள்.